லான்சரோட்டே: எரிமலைத் தீவுக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

டிமான்ஃபாயா தேசியப் பூங்காவைச் சுற்றிக் காட்டும் பேருந்து வழியில் எங்கும் கதவைத் திறக்காது. லான்சரோட்டே போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். எரிமலை மேல் நடக்கப் போகிறோம் என்று நினைத்து வருபவர்கள், நாற்பது நிமிடம் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு இறங்கும்போது முகம் சுண்டிப் போகிறார்கள். அந்த விதி சரியான விதி. நேற்று வைத்த காலடி அந்தச் சாம்பலில் வருஷக்கணக்கில் அழியாது. பாறை மேல் படரும் பாசிக்காளான்தான் அங்கே முதல் உயிர், அதை ஒரு மிதியில் கொன்றுவிடலாம். ஆகவே பயணத்தைத் திட்டமிடும்போதே பூங்காப் பேருந்துக்கு ஒரு காலையும், பூங்காவுக்கு வெளியே எரிமலைவாய்க்குள் சொந்தக் காலால் நடக்க ஒரு நாளும் ஒதுக்குங்கள். மற்ற எல்லாவற்றையும் இந்த இரண்டையும் சுற்றி அடுக்கிக்கொள்ளலாம்.

தீவு சின்னது. பரப்பு சுமார் 846 சதுர கி.மீ., வடக்கிலிருந்து தெற்கு வரை ஏறக்குறைய 60 கி.மீ. ஸ்பெயினுக்குச் சொந்தம் என்றாலும் கேனரித் தீவுக்கூட்டத்தில், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 125 கி.மீ. தூரத்தில் கிடக்கிறது. கடிகாரமும் மாட்ரிட்டுக்கு ஒரு மணி நேரம் பின்னால்தான் ஓடும். மாட்ரிட்டில் விமானம் மாறுகிறவர்கள் கைக்கடிகாரத்தைக் கவனியுங்கள். இந்தியா, இலங்கை நேரத்திலிருந்து குளிர்காலத்தில் 5½ மணியும் கோடையில் 4½ மணியும் பின்னால் இருக்கும்.

எந்த மாதம்

வெயிலைப் பார்த்து மாதம் தேர்ந்தெடுக்க வேண்டாம். வருஷம் முழுக்க வெயில் உண்டு, ஜனவரியிலும் பகலில் 20 டிகிரியைத் தொடும். பார்க்க வேண்டியது காற்றைத்தான். வடகிழக்கிலிருந்து வரும் வணிகக் காற்று ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உச்சத்தில் அடிக்கும். அந்த மாதங்களில் ஃபமாரா கடற்கரையில் துண்டு விரித்தால் மணல் ஊசி மாதிரி காலில் குத்தும். காற்று அடங்கி, கடல் நீரும் 22, 23 டிகிரி வரை சூடேறி இருப்பது செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் நடு வரை. முதல் தடவை போகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது இந்த ஆறு வாரத்தைத்தான். பிப்ரவரி, மார்ச்சில் கடல் குளிர்ந்து 18, 19 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆனால் மழை பெய்த வருஷமாக இருந்தால் வடக்கே ஆரியா பள்ளத்தாக்கு பச்சையாக இருக்கும், நடப்பதற்கு அருமையான பருவம். கிறிஸ்துமஸ் வாரத்தில் குளிருக்குத் தப்பி வரும் வட ஐரோப்பியர்களால் தீவு நிரம்பும், விலையும் ஏறும்.

இன்னொன்று காலிமா. சகாரா பாலைவனத் தூசு காற்றோடு வந்து வானத்தை மஞ்சளாக்கி, மலையை மறைத்துவிடும். வந்தால் இரண்டு, மூன்று நாள் நிற்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் போகிறவர்கள், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த அயர்ன்மேன் போட்டி எந்தச் சனிக்கிழமை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அன்று சைக்கிள் பந்தயத்துக்காகத் தீவின் பல சாலைகளை மூடிவிடுவார்கள்.

விசாவும் விமானமும்

கேனரித் தீவுகள் ஷெங்கன் பகுதிக்குள், அதாவது ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்குள் வருகின்றன. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். கோடையில் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதே குதிரைக்கொம்பு, எனவே மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதிக நாள் தங்குவது ஸ்பெயினில் என்றால், முதலில் இறங்குவது பிராங்க்ஃபர்ட்டாக இருந்தாலும் விண்ணப்பம் ஸ்பெயினிடம்தான்.

ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து வதிவிட அனுமதி உள்ளவர்களுக்கு அந்த அட்டையும் கடவுச்சீட்டும் போதும். பிரிட்டனில் குடியிருந்தும் இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். பிரிட்டன் விசா ஷெங்கனுக்குச் செல்லாது, தனியாக எடுக்க வேண்டும். இந்தியாவிலிருந்து லண்டன் வழியாக டிக்கெட் மலிவாகத் தெரிந்தால், பிரிட்டனின் இடைமாற்று விசா தேவைப்படுமா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். மாட்ரிட் வழி இந்தத் தலைவலி இல்லாதது.

எங்கே தங்குவது

சுற்றுலாக்காரர்கள் தங்கும் ஊர்கள் மூன்று. புவேர்ட்டோ டெல் கார்மென் விமான நிலையத்திலிருந்து 10 கி.மீ.தான். நீளமான கடற்கரையும் கடைகளும் இரவுச் சத்தமும் உண்டு. பிளாயா பிளாங்கா தெற்கு முனையில் இருக்கிறது. அமைதியான ஊர், காற்றும் சற்றுக் குறைவு, குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு ஏற்றது. ஆனால் வடக்கே போக ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். கோஸ்டா டெகீசே கிழக்குக் கரையில், காற்று பிடித்த இடம். தீவு முழுவதும் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் புவேர்ட்டோ டெல் கார்மெனை எடுங்கள், ஏனென்றால் எல்லாத் திசைக்கும் நடுவில் இருக்கிறது. சத்தம் வேண்டாதவர்கள் அதே ஊரின் மேற்குக் கோடியில் பழைய மீன்பிடித் துறைமுகத்தின் பக்கம் அறை தேடலாம்.

வண்டி இல்லாமல் முடியுமா

முடியும், ஆனால் பாதித் தீவுதான் கிடைக்கும். ஊர்ப் பேருந்தை அங்கே குவாகுவா என்பார்கள். ஊருக்கு ஊர் நன்றாக ஓடுகிறது, மலிவு. டிமான்ஃபாயா பூங்காவுக்கோ எரிமலை நடைபாதைகளுக்கோ அது போகாது. அதனால் ஐந்து நாள் தங்கினால் மூன்று நாளாவது கார் எடுங்கள்.

இந்திய உரிமத்தோடு ஆர்டிஓவில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். இலங்கையில் இதை ஆட்டோமொபைல் சங்கம் தருகிறது. முன்பணம் பிடித்துவைக்க ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். கணவர் ஓட்ட, கார்டு மனைவி பெயரில் என்றால் கவுண்டரிலேயே நின்றுவிடும். கியர் இல்லாத வண்டி வேண்டுமானால் முன்பதிவிலேயே குறிப்பிடுங்கள், அங்கே போய்க் கேட்டால் கிடைக்காது.

ஸ்பெயினில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நேர்ச்சாலையில் இது சீக்கிரம் பழகிவிடும், குழப்புவது ரவுண்டானாதான். தீவில் ரவுண்டானாவுக்குப் பஞ்சமே இல்லை. உள்ளே சுற்றுகிறவர்கள் உங்கள் இடப்பக்கத்திலிருந்து வருவார்கள், அவர்களுக்கு வழிவிட்டு வலப்பக்கமாக நுழையுங்கள். முதல் நாள் இரவு இறங்கினால் களைப்போடு ஓட்ட வேண்டாம். டாக்ஸியில் போய்த் தூங்கிவிட்டு மறுநாள் வண்டி எடுங்கள்.

எரிமலைப் பகுதிச் சாலைகளுக்கு ஓரம் என்பதே கிடையாது. தார் முடியும் இடத்தில் கத்தி மாதிரி கூரான எரிமலைக்கல் தொடங்கும். படம் எடுக்க ஓரம்கட்டினால் டயர் கிழியும், அபராதமும் உண்டு. நிறுத்துவதற்கென்று ஒதுக்கிய இடம் சற்றுத் தள்ளி இருக்கும், அதுவரை பொறுங்கள். சைக்கிள்காரர்களைத் தாண்டும்போது 1.5 மீட்டர் இடைவெளி விடுவது சட்டம். இன்னொரு முக்கியமான விஷயம்: வாடகை வண்டிக் காப்பீடு மண்சாலையில் பொதுவாகச் செல்லாது. பாபகாயோ கடற்கரைகளுக்குப் போகும் குண்டும் குழியுமான பாதையும் அதில் சேரும். பிளாயா பிளாங்காவிலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம், ஒரு மணி நேரத்துக்குள் வரும்.

முதல் நாள்: மண்ணைப் படிக்க ஒரு பாடம்

1730 செப்டம்பர் 1ஆம் தேதி இரவு ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் பூமி பிளந்தது என்று யாய்சா ஊர்ப் பாதிரியார் ஆந்த்ரேஸ் லொரென்சோ கூர்பெலோ எழுதிவைத்தார். நெருப்பு அணைந்தது 1736 ஏப்ரலில். ஆறு வருஷத்தில் தீவின் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம் எரிமலைக் குழம்புக்கும் சாம்பலுக்கும் அடியில் போனது. தீவின் நல்ல விளைநிலங்கள் அதோடு போயின.

அந்த முதல் நாள்களில் வாய் திறந்த மலைகளில் ஒன்றுதான் எல் குவேர்வோ. மாஞ்சா பிளாங்காவுக்கும் லா ஹேரியாவுக்கும் நடுவே, எல்இசட்-56 சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு நடக்கலாம். போய்ச் சுற்றி வர ஒரு மணி நேரம் போதும், ஏற்றமே இல்லை. மலையின் ஒரு பக்கம் சரிந்து திறந்திருப்பதால் தரைமட்டத்திலேயே எரிமலைவாய்க்குள் நுழைந்துவிடுவீர்கள். உள்ளே நின்றால் வெளியே அடிக்கும் காற்றுச் சத்தம் சட்டென்று நின்றுபோகும். அதே சாலையில் எதிர்ப்பக்கம் மொன்டான்யா கொலொராடா, பெயருக்கேற்ற செம்மலை. அதையும் சுற்றி வரலாம். அதன் அடிவாரத்தில் எரிமலை துப்பிய பெரிய பாறை ஒன்று தனியாக உட்கார்ந்திருக்கிறது.

அங்கிருந்து லா ஹேரியா. உலகத்தில் வேறெங்கும் இப்படி ஒரு திராட்சைத் தோட்டத்தைப் பார்க்க முடியாது. கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்புச் சாம்பலில் ஆயிரக்கணக்கான குழிகள். ஒரு குழியை நின்று பாருங்கள். புனல் வடிவம், இரண்டு மூன்று மீட்டர் ஆழம். பழைய மண்ணைத் தொட அவ்வளவு தோண்ட வேண்டியிருந்தது. அடியில் ஒன்றோ இரண்டோ கொடி, தரையோடு படர்ந்திருக்கும். காற்று வரும் வடகிழக்குப் பக்கம் மட்டும் அரைவட்டமாக, இடுப்பளவு கூட இல்லாத கல்சுவர், சுண்ணாம்பில்லாமல் அடுக்கியது. வருஷத்துக்கு 150 மி.மீ. மழையே அரிதான இடத்தில் கொடி பிழைப்பது அந்தச் சாம்பலால்தான். நுண்துளை நிறைந்த அந்தக் கறுப்புக்கல்லை பிகோன் என்றும் ரோஃபே என்றும் சொல்கிறார்கள். இரவு ஈரத்தைக் குடித்து வேருக்கு இறக்கும், பகலில் மண் ஈரம் ஆவியாகாமல் மூடிக் காக்கும். ஊரை அழித்த சாம்பலைக் கொண்டே விவசாயிகள் திரும்பப் பயிர் வைத்தார்கள். குழிக்குள் இறங்காதீர்கள். சரிந்த பிகோனை வாரி மேலே ஏற்ற இயந்திரம் நுழையாது, ஒரு மனிதரின் முதுகுதான் வளைய வேண்டும்.

வழியில் இருக்கும் ஒயின் தயாரிக்கும் இடங்களில் மால்வசியா வெள்ளை ஒயின் கோப்பைக் கணக்கில் கிடைக்கும். ஓட்டுகிறவர் தொட வேண்டாம்.

இரண்டாம் நாள்: டிமான்ஃபாயா

பூங்கா 1974இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 51 சதுர கி.மீ. யாய்சாவிலிருந்து எல்இசட்-67 சாலையில் வந்தால் நுழைவாயில் வரும். திறக்கும் நேரத்துக்குக் கால் மணி முன்பே அங்கே இருங்கள். பத்தரைக்கு மேல் போனால் சாலையிலேயே காரில் ஒரு மணி நேரம் காத்திருக்க நேரலாம். மேலே வண்டி நிறுத்த இடம் குறைவு என்பதால் ஒரு கார் இறங்கினால்தான் இன்னொன்றை ஏற்றுவார்கள். நுழைவுச்சீட்டிலேயே பேருந்தும் அடக்கம். இதையும் வடக்கிலுள்ள குகைகளையும் சேர்த்துப் பார்க்கும் கூட்டுச்சீட்டு தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு, அன்றன்றைய விலையை நிர்வாகத்தின் இணையதளத்தில் பாருங்கள்.

மேலே போனதும் முதலில் வரிசை போட்டுப் பேருந்தில் ஏறாமல், பூமிக்கடி வெப்பத்தைச் செய்துகாட்டும் இடத்துக்குப் போங்கள். ஊழியர் ஒருவர் தரையை லேசாகக் கிளறிச் சரளைக்கல்லை உள்ளங்கையில் வைப்பார், இரண்டு நொடிக்கு மேல் பிடிக்க முடியாது. பக்கத்துப் பள்ளத்தில் காய்ந்த முட்புதரைக் கவையால் தள்ளுவார். முதலில் புகை, பிறகு தானாகவே தீப்பற்றும். கடைசியாகத் தரையில் புதைத்த குழாயில் ஒரு வாளித் தண்ணீர். ஊற்றிவிட்டு அவர் சட்டென்று பின்னால் நகர்ந்தால் நீங்களும் நகருங்கள். ஓரிரு நொடியில் அது உறுமிக்கொண்டு நீராவியாக ஆளுயரத்துக்கு மேல் பீறிடும். கீழே ஆழத்தில் இன்னும் ஆறாத குழம்பின் வெப்பம் விரிசல்கள் வழியாக மேலேறி வருகிறது. சில மீட்டர் ஆழத்திலேயே நூற்றுக்கணக்கான டிகிரி. அதே வெப்பத்தில்தான் அங்குள்ள உணவகத்தில் கிணறு மாதிரி வாய்மேல் கம்பிவலை போட்டுக் கோழி வாட்டுகிறார்கள்.

பேருந்துச் சுற்று சுமார் 14 கி.மீ. ஜன்னல் இருக்கை கிடைக்காவிட்டால் அடுத்த வண்டிக்கு நில்லுங்கள், இது கேட்கத் தகுந்த உரிமைதான். பூங்காவுக்குள் நடந்தே பார்க்க ஆசை என்றால் நல்ல வழி, தேசியப் பூங்கா நிர்வாகம் இலவசமாக நடத்தும் ட்ரெமெசானா வழிகாட்டி நடை. சிறு குழுவாக அழைத்துப் போவார்கள், இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். விமான டிக்கெட் எடுத்த கையோடு இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மதியம் மேற்குக் கரைக்கு இறங்கலாம். எல் கோல்ஃபோவில் கறுப்பு மணலுக்கு நடுவே பாசியால் பச்சையான குளம் ஒன்று இருக்கிறது, மேலிருந்து பார்க்க மட்டும்தான் அனுமதி. அடுத்து லோஸ் எர்விடெரோஸ். குழம்பு கடலில் விழுந்து இறுகிய பாறைப் பிளவுகளுக்குள் அலை கொதிப்பது மாதிரி பொங்கும், தடுப்புச் சுவரைத் தாண்டாதீர்கள். சூரியன் விழும் நேரம் ஹனூபியோ உப்பளத்தின் மேல் நில்லுங்கள்.

வடக்கு: குகைகளும் மன்ரீகேயும்

தீவில் விளம்பரப் பலகைகள் இல்லை, வீடுகள் வெள்ளையாக, தாழ்வாக இருக்கின்றன. இதற்குப் போராடியவர் இங்கே பிறந்த ஓவியர் செசார் மன்ரீகே (1919–1992). விமான நிலையத்துக்கும் அவர் பெயர்தான். வடக்கில் நீங்கள் பார்க்கப் போவதில் பெரும்பகுதி அவர் கைபட்டது. அவர் பெயரிலான அறக்கட்டளை, தாயிச்சே என்ற இடத்தில் குழம்புக் குமிழ்களுக்குள் அவர் கட்டிக்கொண்ட வீட்டில் இருக்கிறது.

குவேவா டெ லோஸ் வெர்டெஸ் குகை முதலில். லா கொரோனா எரிமலை சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கக்கிய குழம்பின் மேற்பரப்பு ஆறி ஓடானது, உள்ளே ஓடியது வடிந்து போய்க் குழாய் மிஞ்சியது. வெர்டெஸ் என்பது அந்த நிலத்துக்காரக் குடும்பத்தின் பெயர், பச்சை நிறம் தேடாதீர்கள். கடற்கொள்ளைக்காரர்கள் வந்தபோது ஊர் மக்கள் இதற்குள் ஒளிந்தார்கள். வழிகாட்டியோடு சுமார் 50 நிமிட நடை. சில இடங்களில் இடுப்பை மடித்துக் குனிய வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்களும் அடைபட்ட இடத்தில் பயப்படுகிறவர்களும் தவிர்க்கலாம். கடைசியில் ஒரு ரகசியம் காட்டுவார்கள். அதை வெளியே சொல்லாமல் இருப்பது அங்கே வழக்கம், இங்கேயும் அப்படியே.

அதே குழாயின் கூரை இடிந்த பகுதியில்தான் ஹமேயோஸ் டெல் ஆகுவா. உள்ளே உள்ள உப்புநீர்க் குளத்தில் வெள்ளைப் பொட்டு மாதிரி தெரிபவை கண்ணில்லாத சின்ன நண்டுகள். காசு போட்டு வேண்டிக்கொள்ளும் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள், நாணயத்து உலோகம் கரைந்தால் அவை செத்துவிடும்.

மிராடோர் டெல் ரியோ என்ற பார்வைமேடை 470 மீட்டருக்கு மேல் செங்குத்துப் பாறை உச்சியில் இருக்கிறது, கீழே லா கிராசியோசா தீவு. மேகம் மூடிய நாளில் சீட்டு வாங்கினால் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள். கீழிருந்து அண்ணாந்து பாருங்கள், உச்சி தெரிந்தால் மட்டும் ஏறுங்கள்.

மிச்ச நாள்கள்

கால் பலம் உள்ளவர்களுக்கு கால்டெரா பிளாங்கா. மாஞ்சா பிளாங்கா ஊர் எல்லையில் தொடங்கும், போய்வர ஒன்பது பத்து கி.மீ., மூன்று நான்கு மணி நேரம். ஒரு கி.மீ.க்கு மேல் அகலமான எரிமலைவாயின் விளிம்பில் ஏறி நிற்கலாம், உயரம் 458 மீட்டர். வழி நெடுகிலும் நிழலும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர், கெட்டி அடியுள்ள மூடிய ஷூ, நாடா கட்டிய தொப்பி. எட்டு மணிக்கே தொடங்குங்கள், பிறகு வண்டி நிறுத்தவும் இடம் இருக்காது. விளிம்பில் காற்று தள்ளினால் திரும்பிவிடுங்கள்.

நடக்க விருப்பமில்லாதவர்கள் ஓர்சோலாவிலிருந்து படகில் லா கிராசியோசா போகலாம். அரை மணி நேரத்துக்குள் அக்கரை, ஆனால் படகு நன்றாக ஆடும். வாடகைக் காரை இக்கரையில் விட்டுவிட வேண்டும். அக்கரையில் தார்ச்சாலையே இல்லை, சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். லாஸ் கோஞ்சாஸ் கடற்கரை கண்ணைப் பறிக்கும், குளிக்க மட்டும் இறங்காதீர்கள், நீரோட்டம் இழுத்துவிடும். ஃபமாராவும் அப்படித்தான். செங்கொடி பறந்தால் முழங்கால் அளவுகூட வேண்டாம். ஆபத்துக்கு 112.

சாப்பாடு

தோலோடு உப்பில் அவித்துச் சுருங்கிய சின்ன உருளைக்கிழங்குக்கு பாபாஸ் அர்ருகாடாஸ் என்று பெயர். தொட்டுக்கொள்ள மோஹோ என்ற சட்னி, சிவப்பில் மிளகாயும் பூண்டும், பச்சையில் கொத்தமல்லி. நம் நாக்குக்கு முதல் வாயிலேயே பிடித்துவிடும். வாட்டிய ஆட்டுப்பால் சீஸும் உண்டு, ஆனால் பாலை உறையவைக்கக் குட்டிகளின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருள் சேர்த்திருக்கலாம், கண்டிப்பான சைவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். சூப்பு வகைகளையும் கவனியுங்கள். பயறும் கீரையும் போட்ட பொதாஹேவில் பன்றி எலும்பு கிடக்கலாம். வறுத்த தானிய மாவான கோஃபியோ சைவம், அதையே எஸ்கல்டாடோ என்று கிண்டினால் மீன் சாறு சேரும். "சின் கார்னே, சின் பெஸ்காடோ" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடும்.

குழாய்த் தண்ணீர் கடல்நீரிலிருந்து எடுத்தது, குளிக்கவும் சமைக்கவும் சரி. குடிக்கச் சூப்பர்மார்க்கெட்டில் ஐந்து, எட்டு லிட்டர் கேன் வாங்கிவைத்துச் சின்னப் பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நாள்

பெட்ரோல் நிரப்பி, வண்டியை நாலு பக்கமும் படம் எடுத்து ஒப்படையுங்கள். எரிமலைக் கல்லோ பிகோனோ எடுத்துப்போவது சட்டப்படி குற்றம், விமான நிலையச் சோதனையில் பிடிபட்டால் பறித்துக்கொள்வார்கள். அறையைக் காலி செய்யும் முன் வாசலுக்கு வெளியே ஷூவைக் கழற்றி இரண்டையும் சேர்த்துத் தட்டுங்கள். அடியிலுள்ள பள்ளங்களில் கறுப்புச் சரளை நிறையச் சிக்கியிருக்கும், ஒரு ஈர்க்குச்சியால் நெம்பினால் உதிரும்.